கினேசியொலொஜி: ஒரே பெயரில் இரண்டு தொழில்

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் "முழங்கால் நோவுக்குக் கினேசியொலொஜிஸ்டிடம் போறன்" என்று வாட்ஸப்பில் சொன்னால், களுவாஞ்சிகுடியில் கேட்கிறவருக்குச் சுளுக்கெடுக்கிற பரியாரிதான் நினைவுக்கு வருவார், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி பிசியோதெரபி அறை. அவர் இரண்டு பேருமே இல்லை.

கிரேக்கத்தில் 'கினேசிஸ்' என்றால் அசைவு, 'லொகியா' என்றால் அதைப் பற்றிய அறிவு. சினிமா என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். தமிழில் சிலர் 'இயக்கவியல்' என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் எங்கள் இலங்கை உயர்தர வகுப்பு இணைந்த கணிதத்தில் நிலையியலுக்குப் பக்கத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் 'உடலசைவியல்' என்பதுதான் பொருந்தும் என்பேன், தொழில் செய்கிறவர் உடலசைவியலாளர். பிசியோதெரபிக்கு இங்கே இயன்மருத்துவம் என்ற நல்ல சொல் இருக்கிறது, அதை இதோடு கலக்க வேண்டாம்.

சிக்கல் மொழிபெயர்ப்போடு முடியவில்லை, இந்த ஒரே பெயரில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தசை, மூட்டு, உடற்பயிற்சி எல்லாம் படித்து வருகிறவர் ஒருவர். ரொறன்ரோ இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2007இல் இதற்கென்றே சட்டம் இயற்றி, 2013 ஏப்ரலில் இருந்து பதிவில்லாதவர் அந்தப் பட்டப்பெயரைப் போடக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். இன்னொரு வகை 'அப்ளைட் கினேசியொலொஜி', 1964இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் குட்ஹார்ட் என்ற கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீராக்குகிறவர்) தொடக்கியது. கையை முன்னால் நீட்டச் சொல்வார்கள், மற்றக் கையில் சீனியையோ ஒரு மருந்துப் போத்தலையோ தருவார்கள், பிறகு நீட்டிய கையின் மணிக்கட்டில் அழுத்துவார்கள், கை தாழ்ந்தால் அந்தப் பொருள் உங்கள் உடம்புக்கு ஒத்துவராதாம். அழுத்துகிறவருக்கும் நிற்கிறவருக்கும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மறைத்துச் சோதித்தபோது, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட இது மேலாக இருக்கவில்லை. அழுத்துகிறவர் ஏமாற்றுகிறார் என்றும் சொல்லமுடியாது, தான் எதிர்பார்க்கிற பக்கம் கை தன்னை அறியாமலே கொஞ்சம் கூட அழுத்திவிடும்.

சரி, இப்போது இந்தத் தொழிலின் 'எதிக்ஸ்', அதாவது இதைச் செய்கிறவர் எப்படி நடக்கவேண்டும் என்பது. இதுவும் கிரேக்கச் சொல்தான். 'எதோஸ்' என்றால் பழக்கம், இயல்பு. 'ஒழுகு' என்பதிலிருந்து வந்த 'ஒழுக்கம்' அதற்கு அருமையான இணை, தொடர்ந்து ஒரே வழியில் நடப்பது. ஆனால் ஊரில் "அவருக்கு ஒழுக்கமில்லை" என்றால் கதை வேறு பக்கம் போய்விடும். ஆகவே 'தொழில்நெறி' என்று எழுதுங்கள், எழுதி வைத்த விதிகளுக்கு 'ஒழுக்கக்கோவை' என்று அரச ஆவணங்களில் வருவது அப்படியே இருக்கட்டும்.

உடலசைவியலாளருக்குத் தொழில்நெறி தொடங்குவது தான் இந்த இரண்டில் எவர் என்று முதலிலேயே சொல்வதில். பெயர்ப்பலகையில் ஒன்று, உள்ளே வேறொன்று என்றால் மீதி நெறியெல்லாம் வீண். அடுத்தது தொடுகை. சம்மதம் என்பது வாசலில் நீட்டுகிற படிவத்தில் வாங்கும் கையெழுத்து மட்டுமல்ல. "இப்ப தோள்மூட்டைப் பிடிக்கப் போறன், சரியா?" என்று அந்த நேரத்தில் கேட்பதும், வேண்டாம் என்றால் கையை எடுத்துவிடுவதும்தான் சம்மதம். காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு பெண் வந்தால், கூட வந்தவரை உள்ளே இருக்கவிடுவதா என்பதை அவரிடமே கேட்கவேண்டும், நாம் முடிவெடுக்கக் கூடாது. இரகசியமும் அப்படித்தான், ஆளை ஆள் தெரிந்த ஊர் இது, "உங்கட மாமி போன கிழமை இடுப்பு நோவெண்டு வந்தவ" என்று சாதாரணமாகச் சொல்வதே மீறல்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது எல்லை தாண்டுவது. கையை அழுத்திப் பார்த்துவிட்டு "இந்தச் சீனி வருத்தக் குளிசை உங்களுக்கு ஒத்துவராது, நிப்பாட்டுங்கோ" என்று சொல்ல எந்த வகைக் கினேசியொலொஜிஸ்டுக்கும் உரிமை இல்லை. மருந்தை மாற்றுவது அதை எழுதிக்கொடுத்த டொக்டரின் வேலை. அந்த மேசையிலேயே குளிசைக்குப் பதிலாக ஒரு சத்துமா டின்னும் விற்பனைக்கு இருந்தால், காசைக் கொடுக்க முன் ஒருதரம் யோசியுங்கள். இங்கே இயன்மருத்துவர் என்று சொல்கிறவரிடம் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்கிறாரா என்று கேட்கலாம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.