வாயுவும் ஓபியாய்டும்: குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் இறங்கும் விதம்

டான்சில் அறுவை சிகிச்சைக்கு வரும் நான்கு வயதுக் குழந்தை ஊசியைப் பார்த்ததுமே அலறும். அதனால் பல மருத்துவமனைகளில் முதலில் முகத்தில் மாஸ்க்கைத்தான் வைப்பார்கள். ஆக்சிஜனோடு செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயு வரும். மூச்சை எரிக்காது, ரத்தத்தில் அதிகம் கரையாததால் மூளையை விரைவில் எட்டிவிடும். ஓரிரு நிமிடத்தில் குழந்தை உறங்கிவிடும். ஊசி அப்புறம்தான். சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது: குரல் நாண்களைத் தாண்டி, மூச்சுக்குழாய்க்குள் டியூபை இறக்க வேண்டும்.

உடலில் இவ்வளவு காவல் உள்ள இடங்கள் குறைவு. நுரையீரலுக்குள் சோறோ தண்ணீரோ போய்விடக் கூடாது என்பதற்காக வேகஸ் நரம்பின் கிளைகள் குரல்வளை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அரைகுறை மயக்கத்தில் அங்கே எதையாவது வைத்தால் இருமல் வரும், அல்லது குரல் நாண்கள் இறுக மூடிக்கொண்டு காற்றே போகாது. இந்த இறுக்கம் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே அதிகம் வரும். குழந்தையின் உடல் ஒரு கிலோ எடைக்குச் செலவழிக்கும் ஆக்சிஜன் பெரியவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. நுரையீரலில் இருப்போ குறைவு. காற்று நின்ற சற்று நேரத்திலேயே உதடு நீலமாகும்.

சரி, வாயுவையே கூட்டிக் கொடுத்தால்? தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்கத் தேவையான செறிவைத்தான் மயக்க வாயுவுக்கு அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். செவோஃப்ளுரேனுக்கு அது பெரியவர்களில் 2 சதவீதம் அளவில் இருக்கிறது. சிறுவர்களில் சுமார் 2.5, பிறந்த குழந்தையில் சுமார் 3.3. டியூப் போட அதற்கும் மேலே போக வேண்டும். அவ்வளவு கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கும். உறங்குவதும் அசையாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 1990களில் எலிகளின் முன்மூளையை நீக்கிவிட்டுச் சோதித்தபோதும் அசைவை நிறுத்தத் தேவைப்பட்ட வாயுவின் அளவு மாறவில்லை. அசைவை வாயு அடக்குவது பெரும்பாலும் தண்டுவடத்தில்தான்.

தசைத் தளர்த்தி மருந்து நேர்வழி. சக்சமெத்தோனியம் ஒரு நிமிடத்தில் வேலை செய்யும். ஆனால் டுஷேன் தசைச் சிதைவு நோய் இருப்பதே தெரியாத சிறுவர்களுக்கு அதைக் கொடுத்தபோது ரத்தத்தில் பொட்டாசியம் எகிறி இதயம் நின்ற சம்பவங்கள் நடந்தன. 1990களில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. இன்னொரு தசைத் தளர்த்தியான ரோகுரோனியத்தில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் அது அரை மணி நேரம் நீடிக்கும், அறுவை கால் மணியில் முடிந்துவிடலாம்.

மார்ஃபின் வகை வலி நிவாரணியான ஓபியாய்டுக்கு இங்கேதான் வேலை. குரல்வளையிலிருந்து வேகஸ் கொண்டுவரும் செய்தி மூளைத்தண்டில் வந்து சேரும் இடத்தில் ஓபியாய்டு ஏற்பிகள் நிறைய உண்டு. மருந்து அவற்றில் ஒட்டிக்கொண்டதும் "இங்கே ஏதோ நுழைகிறது" என்ற செய்தி வழியிலேயே மங்கிவிடும். வாயு பதிலடியை அடக்குகிறது. ஓபியாய்டு செய்தியையே மட்டுப்படுத்துகிறது. தாக்கும் இடங்கள் வேறு வேறு என்பதால், இரண்டும் சேரும்போது வாயுவின் தேவை நன்றாகக் குறைகிறது. ஓபியாய்டின் சிறு அளவிலேயே இந்தச் சரிவு செங்குத்தாக இருக்கும்; அதன்பின் எவ்வளவு கூட்டினாலும் பெரிதாக இறங்காது. ஓபியாய்டை மட்டும் நம்பி ஒருவரை உறங்க வைக்கவும் முடியாது.

மீதியெல்லாம் நேரக் கணக்கு. ஃபென்டனில் என்ற ஓபியாய்டு உச்சத்தை எட்ட மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குமுன் அவசரப்பட்டால் மருந்து கொடுத்தும் இருமல்தான் மிச்சம். ரெமிஃபென்டனில் என்ற இன்னொரு ஓபியாய்டு ஒன்று, ஒன்றரை நிமிடத்திலேயே உச்சம் தொடும். ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகள் அதை உடைத்துவிடுவதால் கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ காத்திருக்க வேண்டாம். பச்சிளம் குழந்தையிலும் இந்த நொதிகள் சரியாக வேலை செய்கின்றன. என் பார்வையில், தசைத் தளர்த்தி இல்லாமல் வாயுவும் ஓபியாய்டும் கொடுத்து டியூப் போடும் இந்த முறைக்கு மிகவும் பொருந்தும் மருந்து ரெமிஃபென்டனில்தான். ஆனால் வேகமாகச் செலுத்தினால் நெஞ்சுத் தசைகள் விறைத்து, மாஸ்க் வழியாகக்கூடக் காற்றைத் தள்ள முடியாமல் போகும். நாடித்துடிப்பும் குறையும். சிறு குழந்தையின் ரத்த ஓட்டம் துடிப்பின் வேகத்தையே பெரிதும் நம்பியிருப்பதால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்தை அரை நிமிடமாவது எடுத்து மெதுவாகத்தான் செலுத்துவார்கள்.

இனி டியூப் போடலாமா என்பதற்கு மயக்க மருத்துவர் இமையைத் திறந்து பார்ப்பார். மயக்கம் ஆழமாகும்போது, விலகியிருந்த விழிகள் நடுவுக்கு வந்து நிற்கும், கண்மணி சுருங்கும். தாடை தளர்ந்திருக்கும். குரல்வளையைப் பார்க்க உதவும் கருவியான லாரிங்கோஸ்கோப்பை உள்ளே விட்டதும் குரல் நாண்கள் திறந்து, அசையாமல் தெரிய வேண்டும். தாடைத் தளர்ச்சி, லாரிங்கோஸ்கோப் எவ்வளவு எளிதாகப் போகிறது, நாண்களின் நிலை, இருமல், கைகால் அசைவு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுத்தான் ஆய்வாளர்கள் மருந்து அளவுகளை ஒப்பிடுகிறார்கள். தசைத் தளர்த்தி கொடுத்தால் கிடைக்கும் நிலைமை பொதுவாக இதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வயிறு நிறைந்த குழந்தைக்கோ இந்த வழி பொருந்தாது. மாஸ்க்கில் மெதுவாக மயக்கும் அந்தச் சில நிமிடங்களில் வாந்தி மேலேறினால் நுரையீரலைக் காக்க அங்கே இன்னும் டியூப் இருக்காது.