எச்.ஐ.வி.க்கு ‘உயிர்க்கொல்லி’ என்று பெயரா?

பள்ளிச் சுவரில் ஒட்டும் விழிப்புணர்வுச் சுவரொட்டி முதல் மாணவர்களிடம் தரும் உடல்நலக் கணக்கெடுப்புத் தாள் வரை, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவற்றில் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்ற சொல் விடாமல் வருகிறது. எய்ட்ஸுக்கும் அதுதான், எச்.ஐ.வி.க்கும் அதுதான். இரண்டுக்குமே அது பொருந்தாது.

எய்ட்ஸ் என்ற பெயர் 1982-ல் வந்தது. தமிழில் விரித்தால், பெறப்பட்ட நோயெதிர்ப்புக் குறைபாட்டுக் கூட்டறிகுறி. எச்.ஐ.வி. 1986-ல் அதை உண்டாக்கும் வைரஸுக்குச் சூட்டிய பெயர். மனித நோயெதிர்ப்புக் குறைபாட்டு நச்சுயிரி. வைரஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே நஞ்சு என்றுதான் பொருள், அதனால் நச்சுயிரி சரியான ஆக்கம். எச்.ஐ.வி. என்பது கிருமி. சிகிச்சை இல்லாமல் பல ஆண்டுகள் போனால் அது கொண்டுவிடும் நிலை எய்ட்ஸ்.

சரி, உயிர்க்கொல்லி? அது பெயரே அல்ல, தீர்ப்பு. வெறிநாய்க்கடி நோய் முற்றினால் பிழைப்பது மிக அரிது. அதற்குக்கூட இது பெயராக நிலைக்கவில்லை. எச்.ஐ.வி.க்கோ 1996-லிருந்து, பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்துச் சிகிச்சை இருக்கிறது. மருந்தை ஒழுங்காக எடுப்பவர் நெடுங்காலம் வாழ்கிறார். தாயிடமிருந்து தொற்று பெற்ற பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படிக்கக்கூடும் என்பதை எழுதியவர் யோசித்தாரா?

‘தூய தமிழ்ச் சொல்தானே’ என்பார்கள். தமிழ்தான், ஆங்கில மூலத்தில் இல்லாத தமிழ். தூய்மை வேண்டுமென்றால் நச்சுயிரி இருக்கிறதே! ‘பயந்தால்தான் பிள்ளைகள் கவனமாக இருப்பார்கள்’ என்பது அடுத்த வாதம். பயந்தவர் பரிசோதனைக்கே போகமாட்டார். கணக்கெடுப்பிலோ பயம் பதிலையே கெடுக்கும். ‘உயிர்க்கொல்லி நோய் எப்படிப் பரவும்?’ என்று கேட்டால், கொசுக்கடி, கைகுலுக்கல் என்று பரவாத வழிகளையும் ஒரு மாணவி குறித்துவைப்பாள். அப்புறம் அவளுக்கு என்ன தெரியும் என்று எப்படி அளப்பது? அமெரிக்கப் பள்ளிகளில் 1991 முதல் நடக்கும் இளையோர் கணக்கெடுப்பில், எய்ட்ஸ் அல்லது எச்.ஐ.வி. தொற்று பற்றிப் பள்ளியில் கற்பித்தார்களா என்று நேராகக் கேட்டார்கள். தமிழிலும் அப்படியே கேட்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்களின் மற்ற பழக்கங்களும் இதே ரகம். ‘எய்ட்ஸ் பரிசோதனை’ என்கிறார்கள். ரத்தத்தில் தேடுவது எச்.ஐ.வி. தொற்றை. எல்லாவற்றையும்விட மோசம் ‘தகாத உறவு’. பாதுகாப்பற்ற உடலுறவு என்று மூலத்தில் இருப்பதைத்தான் இப்படி மாற்றுகிறார்கள். கிருமி தாலியைப் பார்த்து ஒதுங்காது. ‘ஆணுறை இல்லாத உடலுறவு’ என்று எழுதுங்கள், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எதைத் தவிர்க்க வேண்டும் என்று அதிலேயே புரிந்துவிடும்.