அந்தக் காலை ஏன் அவ்வளவு இதமாக இருந்தது?

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. அமெரிக்காவின் நடுவே பரந்து கிடக்கும் புல்வெளிச் சீமையான நெப்ராஸ்காவிலும் டகோட்டாவிலும் அன்று காலை குளிர் விட்டிருந்தது. நாள்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் பலர் கனத்த கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினார்கள். பெரியவர்கள் மாடுகளை வெளியே ஓட்டினார்கள். முற்பகலில் தொடங்கி மாலைக்குள் அந்தப் பகுதி முழுவதையும் பனிப்புயல் அடித்துவிட்டது. இறந்தவர்கள் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் பலர். அதனால் ‘பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்’ என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

அந்த இதமான காலையை விதியின் வஞ்சனை என்று சொல்வதுண்டு. உண்மையில் அந்த வெதுவெதுப்பும் புயலின் வேலைதான்.

ராக்கி மலைகளிலிருந்து ஒரு காற்றழுத்தத் தாழ்வு கிழக்கு நோக்கி நகர்ந்து வந்துகொண்டிருந்தது. பூமியின் வடபாதியில் தாழ்வைச் சுற்றி வீசும் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். ஆகவே தாழ்வுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்குத் தெற்கிலிருந்து வெப்பக் காற்று வரும். தாழ்வு கடந்து போனதும் அதே ஊர்க்காரர்கள் அதன் மேற்குப் பக்கத்தில் இருப்பார்கள். அங்கே வீசுவது வடக்கின் காற்று. அன்று அந்த வடக்குக் காற்று கனடாவின் உறைநிலத்திலிருந்து வந்தது. வெப்பமண்டலப் புயலுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல் என்றால், இந்த வகைப் புயலுக்குத் தீனி இரண்டு காற்றுகளுக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசம். அன்று அந்த வித்தியாசம் மிகப் பெரியது. மொன்டானாவின் ஹெலினா நகரில் நாலரை மணி நேரத்துக்குள் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் 23-க்கு இறங்கியது.

குளிர்ந்த காற்று கனமானது. அது வெப்பக் காற்றின் அடியில் ஆப்பு போல நுழைந்து, அதை மேலே தூக்கி எறிந்தபடி முன்னேறும். அந்த ஆப்பின் முனையைத்தான் குளிர்முகப்பு என்கிறார்கள். கனடாவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை அதைக் குறுக்கே மறிக்க ஒரு மலைத்தொடர்கூட இல்லை. வடமேற்கில் ஒரு கருஞ்சுவர் எழுந்ததாகவும், ரயில் வருவது போல இரைச்சல் கேட்டதாகவும், அடுத்த நிமிடம் முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியவில்லை என்றும் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு பனி எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து மட்டும் இல்லை. தரையில் ஏற்கெனவே உலர்ந்த பொடிப் பனி கிடந்தது. வேகக்காற்று அதைத் துள்ளவிட்டு, தரையில் மோதவிட்டு, மறுபடி தூக்கும். ஒவ்வொரு மோதலிலும் பனிச்செதிலின் கிளைகள் ஒடியும். கடைசியில் மிஞ்சுவது சலித்த மாவு போன்ற பொடி. அது மூக்கில் ஏறும், துணி இழைக்குள் புகும், இமை மயிர்களில் உறைந்து கண்ணை ஒட்டிவிடும். இன்றைய அமெரிக்க வானிலைத் துறையின் வரையறையும் பனி எவ்வளவு பெய்தது என்று கேட்பதில்லை. காற்று மணிக்கு 56 கிலோமீட்டரோ அதற்கு மேலோ வீச வேண்டும், 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியக்கூடாது, இந்த நிலை மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். அப்போதுதான் அது பனிப்புயல். ஆபத்து பார்வை மறைவதில்தான் இருக்கிறது.

நெப்ராஸ்காவின் பிளெயின்வியூ அருகே லோயிஸ் ராய்ஸ் என்ற இளம் ஆசிரியையிடம் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அடுப்பெரிக்க எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு 200 மீட்டருக்குள்தான். கிளம்பினார்கள், வீடு கண்ணில் படவே இல்லை. இரவு முழுக்க வெட்டவெளியில் கிடந்தார்கள். பிள்ளைகள் மூவரும் அவர் பக்கத்திலேயே இறந்தார்கள்; அவருடைய பாதங்களை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவர் செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தீயில்லாத அறையில் பிள்ளைகளை வைத்திருப்பதும் சாவுதானே. அதே மாநிலத்தின் மிரா பள்ளத்தாக்கில் மினி ஃப்ரீமன் என்ற ஆசிரியை, காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போன பிறகு, தன் பிள்ளைகளை எல்லாம் ஒரு பண்ணை வீட்டுக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தார்.

நம் தோலை ஒட்டி எப்போதும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று இருக்கும். அதுவே நமக்கு ஒரு போர்வை. வேகக்காற்று அதை விடாமல் உரித்தெடுப்பதால் உடல் இடைவிடாமல் சூட்டை இழக்கும். முதலில் உடல் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, நெஞ்சையும் மூளையையும் காக்கப் பார்க்கும். நடுக்கம் வரும், தசைகள் சூடு உண்டாக்க முயல்கின்றன என்று அர்த்தம். நடுக்கம் நின்றால்தான் பயப்பட வேண்டும். அப்புறம் புத்தி மங்கும். சிலர் உடல் எரிவது போல உணர்ந்து துணியைக் கழற்றி எறிவதும் உண்டு. குளிர்ந்துபோன இதயம் எளிதில் தாளம் தப்பும். இரவைத் தாண்டியவர்கள் சிலர் மறுநாள் காலை எழுந்து சில அடி நடந்ததும் விழுந்து இறந்ததற்கு இது காரணமாக இருந்திருக்கலாம்.

முன்னறிவிப்பு இல்லாமல் இல்லை. அப்போது வானிலை அறிவிப்பு ராணுவத்தின் சிக்னல் பிரிவிடம் இருந்தது. செயின்ட் பால் நகரில் லெப்டினன்ட் தாமஸ் உட்ரஃப் குளிர் அலை வருவதைக் கணித்துத் தந்தியில் அனுப்பியிருந்தார். ஆனால் தந்தி போய்ச் சேர்ந்தது நகரங்களுக்கு. அங்கே கம்பத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கொடி, பல மைல் தள்ளி, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய வீட்டில் வாழ்ந்த குடியேறிகளின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? 1890-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, வானிலைப் பணியை ராணுவத்திடமிருந்து எடுத்து வேளாண் துறையிடம் ஒப்படைத்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 1940-களில், பிழைத்தவர்கள் முதியவர்களாக ஒன்றுகூடித் தங்கள் நினைவுகளைத் தொகுத்தார்கள். அந்த நாளைப் பற்றிய நினைவுகளில் பலவும் புயலிலிருந்து தொடங்குவதில்லை. கோட்டு இல்லாமல் வெளியே நின்ற அந்த இதமான காலையிலிருந்து தொடங்குகின்றன.