நாக் சென்சார் சொல்வதை எல்லாம் நம்பலாமா?

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரை டியூன் செய்து ஓட்டுகிறவர்களிடம் ‘மைனஸ் 1.4’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். கார் கணினியோடு பேசும் ஓபிடி போர்ட்டில் லேப்டாப்பைச் சொருகி லாக் (இன்ஜின் ஓடும்போது வரும் எண்களின் பதிவு) எடுக்கும்போது ‘ஃபீட்பேக் நாக் கரெக்‌ஷன்’ என்ற பத்தியில் 0, 0, 0 என்று ஓடிக்கொண்டே வரும். நடுவில் ஓரிடத்தில் −1.4 என்று எட்டிப் பார்க்கும். ‘நாக் சத்தம் கேட்டது, அதனால் இக்னிஷனை 1.4 டிகிரி தாமதப்படுத்தினேன்’ என்று இன்ஜினை நடத்தும் கணினியான இசியு எழுதிவைக்கும் குறிப்பு அது (டிகிரி என்பது கிராங்க் தண்டு சுற்றும் கோணம்). அதைப் பார்த்ததும் பிஸ்டன் போச்சு என்று பதறுகிறவர்கள் உண்டு. இதெல்லாம் சும்மா என்று லேப்டாப்பை மூடி வைக்கிறவர்களும் உண்டு. ஒற்றை எண்ணை வைத்து இரண்டு முடிவுக்கும் வர முடியாது. அது எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு லோடில், எத்தனை முறை வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் நாக் என்றால் என்ன? ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து கிளம்பி, வினாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் சிலிண்டருக்குள் பரவுகிறது. எரிந்த வாயு விரியும்போது, தீ இன்னும் எட்டாத ஓரத்தில் இருக்கும் கலவையை நசுக்குகிறது. நசுங்க நசுங்க அது சூடேறும். தீ வந்து சேர்வதற்குள் அந்தக் கலவை தானாகவே மொத்தமாகப் பற்றிக்கொண்டால், அங்கே அழுத்தம் எகிறி, அலையாகக் கிளம்பி, சிலிண்டர் சுவர்களுக்கு இடையே மோதி மோதித் திரும்பும். நாக் என்பது இந்த மோதல்தான். பிஸ்டனின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம் இத்தனை நேரம் உலோகத்தைச் சூட்டிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. அலை அதைக் கலைத்துவிடுவதால் வெப்பம் நேராக அலுமினியத்தில் இறங்குகிறது. எஸ்டிஐயின் 2.5 லிட்டர் இன்ஜினில் இருப்பது வார்ப்பு பிஸ்டன். அதில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய விளிம்புதான் முதலில் உடையும். இந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரிந்த கதை.

டர்போ இருந்தால் ஏன் சிக்கல் அதிகம்? டர்போ காற்றை அமுக்கித்தான் இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். 30 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1 பார்), 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரால் அமுக்கினால், வெளியே வரும்போது அது 125 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதில் பெரும் பகுதியை இறக்கிவிடும், ஆனால் முழுதாக அல்ல. அடுத்தடுத்து நாலைந்து முறை முழு ஆக்சிலரேட்டரில் இழுத்தால் இன்டர்கூலரே சூடேறிப்போய், முதல் ஓட்டத்தில் வராத நாக் நாலாவது ஓட்டத்தில் வரும். டியூனர் இதற்கு மேல் பூஸ்டையும் ஏற்றுகிறார், டைமிங்கையும் (பொறி விழும் நேரத்தையும்) முன்னே தள்ளுகிறார். பொறி சீக்கிரம் விழுந்தால் உச்ச அழுத்தம் கூடும், ஓரத்துக் கலவை இன்னும் சூடேறும். அதனால்தான் நாக் கேட்டவுடன் இசியு செய்யும் முதலுதவி டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது. அதுவும் சும்மா கிடைப்பதில்லை. எரிதல் தாமதமானால் புகைப்போக்கிக்குப் போகும் வாயு அதிகச் சூட்டோடு போகும், அந்தச் சூட்டை டர்போ தாங்க வேண்டும்.

ஆர்பிஎம் ஏறினால் நாக் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 3,000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி வினாடிக்கு கிராங்க் 18 டிகிரி சுற்றும். 6,000-ல் 36 டிகிரி. மேலே போகப் போக ஓரத்துக் கலவைக்குப் பற்றிக்கொள்ள நேரமே இருக்காது. டார்க் உச்சத்தில் இருக்கும் நடுத்தர ஆர்பிஎம்தான் ஆபத்தான பேட்டை.

சரி, இசியு எப்படிக் கேட்கிறது? இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கில் ஒரே ஒரு போல்ட்டால் இறுக்கிய வட்டமான துண்டு ஒன்று இருக்கும், அதுதான் நாக் சென்சார். உள்ளே பீசோ படிகம். பிளாக் அதிர்ந்தால் அது சின்ன மின்னழுத்தத்தைத் தரும். போல்ட்டை இத்தனை நியூட்டன் மீட்டர்தான் முறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் அதன் கேட்கும் திறனே மாறிவிடும். எந்தச் சுருதியைக் கேட்பது என்பதை சிலிண்டரின் அகலம் முடிவு செய்கிறது. சின்னக் குடத்தைத் தட்டினால் ஒரு சத்தம், அண்டாவைத் தட்டினால் வேறு சத்தம், அவ்வளவுதான் சூத்திரம். எஸ்டிஐயின் சிலிண்டர் விட்டம் 99.5 மில்லிமீட்டர், நாக் அலை ஏறத்தாழ 5,800 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 82.5 மில்லிமீட்டர் உள்ள ஃபோக்ஸ்வேகன் 2 லிட்டர் டர்போவில் அது 6,900-ஐ ஒட்டி வரும்.

இசியு எல்லா நேரமும் காது கொடுப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி விழுந்து, பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிய பிறகு வரும் குறிப்பிட்ட சில டிகிரிகளில் மட்டும், குறிப்பிட்ட அலைவரிசையில் மட்டும் கேட்கிறது. கேட்டதை அந்த ஆர்பிஎம்மின் வழக்கமான இரைச்சலோடு ஒப்பிட்டு, வரம்பைத் தாண்டினால் நாக் என்று முடிவு கட்டுகிறது. 1978-ல் ப்யூக் தன் டர்போ வி6-ல் இப்படியொரு சென்சாரை வைத்து டைமிங்கைக் குறைத்தது. 1980களின் தொடக்கத்தில் சாப் கொண்டுவந்த ஏபிசி அமைப்பு நாக் கேட்டால் பூஸ்டையே குறைத்தது.

கவனியுங்கள், சென்சார் அளப்பது நாக்கை அல்ல, அதிர்வை. டியூன் செய்த காரில் அதிர்வுக்கா பஞ்சம்? ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டிருந்தால் குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டர் சுவரைத் தட்டும். கெட்டியான இன்ஜின் மவுன்ட் போட்டிருந்தால் சேசிஸின் அதிர்வு பிளாக்குக்கு வரும். டர்போவிலிருந்து புகை போகும் பெரிய டவுன்பைப் எங்காவது உரசும், லூசான ஹீட் ஷீல்டு கிணுகிணுக்கும். இதில் எது நேரமும் சுருதியும் ஒத்துப்போய் அமைந்தாலும் இசியு நாக் என்றே எழுதும்.

சுபாரு தரும் எண்கள் மூன்று. ஃபீட்பேக் என்பது அந்த நிமிடத்து எதிர்வினை. சத்தம் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஃபைன் லேர்னிங் என்பது ஞாபகம். இந்த ஆர்பிஎம், இந்த லோடு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் தொல்லை வந்ததோ அங்கே டைமிங்கைக் குறைத்தே வைத்திருக்கும். மூன்றாவது டைனமிக் அட்வான்ஸ் மல்டிப்ளையர். 0 முதல் 1 வரை போகும் இது, மொத்த டியூன் மீதும் இசியுவுக்கு இருக்கும் நம்பிக்கை. 1-லேயே நின்றால் நல்லது. அது இறங்கிவிட்டால் மற்ற இரண்டையும் அலசிக்கொண்டிருக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

மற்றபடி −1.4 வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது, ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது, மெதுவாகப் போகும்போது ஒற்றையாக வந்து போனால் பெரும்பாலும் வெறும் சத்தம். மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டரில் ஒவ்வொரு முறையும் 3,400-லிருந்து 3,800-க்குள் −1.4, −2.8 என்று படியிறங்கினால், அதுவும் இன்டேக் காற்றின் சூடு ஏற ஏற மோசமானால், அதைச் சத்தம் என்று ஒதுக்க முடியாது. (இந்த ஓட்டமெல்லாம் காரை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடும் டைனோவிலோ டிராக்கிலோதான், பொது ரோட்டில் வேண்டாம்.)

சந்தேகம் தீரவில்லையா? ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். அந்தப் பகுதியில் டைமிங்கை 2 டிகிரி குறைத்து, வேறு எதையும் தொடாமல், அதே சூட்டில் மறுபடி ஓட்ட வேண்டும். உண்மையான நாக் என்றால் குறையும். டவுன்பைப் உரசினால் அதற்கு டைமிங்கைப் பற்றி என்ன கவலை, அது அப்படியே இருக்கும். ஆக்டேன் (நாக்கைத் தாங்கும் திறன்) கூடிய பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பதும் இதே சோதனைதான். எத்தனால் கலந்தால் இரட்டை லாபம்: ஆக்டேனும் அதிகம், ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிரவைக்கும். அமெரிக்காவில் எடுத்த லாகைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் இரண்டு சோதனைகளின் சராசரி, நம்மூரில் எழுதுவது அதில் ஒரு சோதனையின் எண்ணான ஆர்ஓஎன். அவர்களுடைய 91 நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 95, 96 ஆர்ஓஎன்.

டர்போவோடு நேரடி இன்ஜெக்‌ஷனும் உள்ள புதிய இன்ஜின்களில், குறைந்த ஆர்பிஎம்மில் அதிக லோடு கொடுத்தால் பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொள்வது உண்டு. இதற்கு டைமிங்கைக் குறைத்துப் பயனில்லை, பொறிதான் இன்னும் வரவே இல்லையே. இன்ஜின் ஆயிலில் இருக்கும் கால்சியம் சேர்மங்கள் இதைத் தூண்டுவதாகக் கண்டுபிடித்த பிறகு ஆயில் தரவரிசையையே மாற்றினார்கள். 2018-ல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் என்ற ஆயில் தரம் அதற்காகத்தான்.

இனி, பலரும் கவனிக்காத எதிர்ப்பக்கம். லாக் முழுக்கப் பூஜ்யம். நல்ல டியூனா, காது கேட்காத இன்ஜினா? நாக் என்று முடிவு கட்டும் வரம்பை, இசியு பார்த்து நடக்கும் அட்டவணையான மேப்பில் ஏற்றிவைத்தால் எந்தச் சத்தமும் லாகில் ஏறாது. வாடிக்கையாளர் பயப்படக் கூடாது என்று அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது திருட்டுத்தனம். அதிக ஆர்பிஎம்மில் இன்ஜினின் சொந்த இரைச்சலே சென்சாரை மூழ்கடித்துவிடும். லாகரும் வினாடிக்குச் சில முறைதான் எண்ணை எடுக்கிறது, 4,000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டர் இன்ஜினோ வினாடிக்கு 133 முறை எரிகிறது.

அதனால் அனுபவமுள்ள டியூனர்கள் தங்கள் காதையும் பயன்படுத்துகிறார்கள். ஒரு செப்புக் குழாயின் நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி, துளை போட்டு, பிளாக்கில் போல்ட் செய்வார்கள். மறுமுனையில் ரப்பர் குழாய், அதன் முடிவில் தொழிற்சாலையில் போடும் காதுமூடி. டைனோவில் இன்ஜின் கத்தும்போது அந்த இரைச்சலுக்கு மேலே ‘டிக்’ என்று கூர்மையாக ஒரு சத்தம் தெறித்தால் உடனே கால் எடுக்கப்படும். இப்போது அதே வேலைக்கு மைக்கும் ஹெட்போனும் வைத்த கருவிகள் கிடைக்கின்றன.

அப்புறம் பிளக். ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறியதும் கழற்றி, நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத் தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் நாக் தொடங்கியிருக்கிறது. வெள்ளி நிறத்தில் மினுக்கும் குண்டுமணிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். அதைக் கண்டுவிட்டால் லாகில் எத்தனை பூஜ்யம் இருந்தாலும் சரி, பூஸ்டை இறக்கி, கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்துவிட்டுத்தான் காரை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.