லிப்ஸ்டிக்குக்கு ஏன் வியர்க்கிறது?

சித்திரை வெயிலில் கைப்பையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு மணி நேரம் மறந்துபோனேன். வந்து லிப்ஸ்டிக்கைத் திறந்தால் அது உருகியிருக்கவில்லை. நின்ற கோலத்தில் அப்படியே நின்றது. ஆனால் மேலெல்லாம் பொடிப்பொடியாக வியர்வை! தொட்டுப் பார்த்தால் தண்ணீர் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு. அதே பையில் இன்னொன்றும் கிடந்தது. சின்னக் குப்பியில் வரும் லிக்விட் மேட் வகை. அதற்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டின் அட்டைப்பெட்டிகளையும் தேடி எடுத்து, பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது போல அச்சடித்திருக்கும் பட்டியலைப் படித்தேன். அந்தப் பட்டியலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்கள் அளவு வரிசையில் வரும், அதிகமானது முதலில். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை எப்படி வேண்டுமானாலும் வரலாம். நிறங்கள் கடைசியில். ஆகவே முதல் ஐந்தாறு பெயர்களைப் படித்தாலே ஒரு லிப்ஸ்டிக்கின் குணம் பாதி தெரிந்துவிடும். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘ஆர்கன் எண்ணெய் சேர்ந்தது’ என்று இருக்கும். பின்பக்கத்தில் அந்தப் பெயர் வாசனைக்கும் பதப்படுத்திக்கும் பிறகு ஒளிந்திருந்தால், அது பெரும்பாலும் ரசத்தில் பெருங்காயம் போட்ட கணக்குத்தான்.

வியர்த்த லிப்ஸ்டிக்கின் பட்டியலில் முதல் பெயர் ‘ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில்’. பயந்துவிட வேண்டாம், நம் விளக்கெண்ணெய்தான். வயிறு சுத்தமாக வேண்டும் என்று பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே சரக்கு, லத்தீன் பெயர் வைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய்க்கு உதட்டுக்கு வருகிறது. உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு இந்தியாவில், அதிலும் குஜராத்தில் விளைகிறது.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் இருக்க இது ஏன்? விளக்கெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் என்ற ஒரே கொழுப்பு அமிலம். அந்த மூலக்கூறின் நடுவில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சமையல் எண்ணெய்களில் அது கிடையாது. பக்கத்து மூலக்கூறுகள் இந்தக் கொக்கிகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் எண்ணெய் அவ்வளவு கெட்டியாக, ஊற்றினால் நூல் விடுகிறது. உதட்டில் வைத்தால் வழியாது, பளபளக்கும். நிறமித் தூளையும் நன்றாக நனைத்துப் பிடித்துக்கொள்ளும்.

சரி, எண்ணெய்தான் முதலிடம் என்றால் குச்சி எப்படி நிமிர்ந்து நிற்கிறது? மெழுகு. சுமாராக ஐந்தில் ஒரு பங்கு மெழுகு போதும். உருக்கி ஊற்றிய கலவை ஆறும்போது மெழுகு மெல்லிய தகடுகளாகப் படிகமாகும். அந்தத் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கூடு கட்ட, எண்ணெய் அந்தக் கூட்டின் அறைகளுக்குள் சிறைப்படும். கண்ணுக்குத் திடப்பொருளாகத் தெரிவது உண்மையில் எண்ணெய் நிரம்பிய ஸ்பாஞ்ச். உதட்டில் தேய்க்கும்போது அந்தக் கூட்டைத்தான் இடிக்கிறோம்.

வெயிலில் நடந்ததும் இதுதான். சூட்டில் எண்ணெய் மெழுகைவிட அதிகமாக விரிகிறது. மெழுகில் சீக்கிரம் இளகும் பகுதி இளகி, கூட்டின் சுவர்கள் தளர்கின்றன. இடம் போதாத எண்ணெய் மேற்பரப்புக்குக் கசிந்து முத்து முத்தாக நிற்கிறது. உருகுநிலைக்கு வெகு முன்பே இது தொடங்கிவிடும்.

எந்த மெழுகு என்பதில்தான் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், மிருதுவானது. மெக்சிகோவின் பாலைப் புதர் ஒன்றிலிருந்து வரும் கேண்டலில்லா 70-ஐ ஒட்டி உருகும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படிந்திருக்கும் கார்னாபா மெழுகு 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும். அப்படியானால் நம் ஊருக்கு முழுக்கக் கார்னாபாவே போடலாமே என்று தோன்றும். போட்டால் குச்சி பட்டென்று ஒடியும், உதட்டில் கிரேயான் மாதிரி இழுக்கும். அதனால் மூன்றையும் கலக்கிறார்கள். பட்டியலில் கார்னாபா முன்னால் வந்தால் அந்த லிப்ஸ்டிக் வெயிலுக்குக் கொஞ்சம் துணிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது குப்பி. அதன் முதல் பெயர் ஐசோடோடெக்கேன். பன்னிரண்டு கார்பன் கொண்ட, கிளைத்த ஹைட்ரோகார்பன். பூசிய ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிடும். அடுத்தது நாக்கு சுளுக்கும் பெயர்: டிரைமெத்தில்சிலாக்ஸிசிலிகேட். இது சிலிக்கோன் பிசின். கரைப்பான் பறந்ததும் பிசின் மெல்லிய படலமாக இறுகி, நிறமியை உதட்டோடு ஒட்டிவைத்துவிடும். நெயில் பாலிஷ் காயும் அதே கதை. மெழுகுக் கூட்டை நம்பி இது நிற்கவில்லை, அதனால் வியர்க்கவில்லை.

ஆனால் சாயங்காலம் உதடு வறண்டு தோல் உரிகிறது என்ற புகாரும் இதன்மேல்தான் வரும். உதட்டுத் தோலின் மேலடுக்கு மிக மெல்லியது. கீழே ஓடும் ரத்தத்தின் நிறம் தெரிவதால்தான் உதடு சிவப்பு. முகத்தைப் போல எண்ணெய் சுரந்து அது தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது. குச்சி வகையில் எண்ணெயும் மெழுகும் மேலே மூடிபோட்டு ஈரத்தைக் காக்கும். குப்பி வகையில் மிஞ்சுவது காய்ந்த படலம்தான்.

லிப் கிளாஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிபியூட்டீன் போன்ற பிசுபிசுப்பான திரவம், துளி நிறம், அவ்வளவே. காற்றடித்தால் தலைமுடி ஒட்டுவது அந்தப் பாலிபியூட்டீனால். உதட்டைப் பருமனாக்கிக் காட்டும் வகைகளில் மிளகாயின் காரப்பொருளோ புதினாவின் மென்தாலோ இருக்கும். உதடு எரிந்து லேசாக வீங்குவதைத்தான் அழகென்று விற்கிறார்கள்.

பட்டியலின் வால்பகுதி சி.ஐ. (கலர் இண்டெக்ஸ், அதாவது நிறங்களுக்கான சர்வதேசப் பட்டியல்) என்று தொடங்கும் எண்கள். பலரும் தாண்டிப்போகும் இடம் இது. எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். சி.ஐ. 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு: காவிக்கல்லின் நிறம், துருவின் நிறம். 77891 டைட்டானியம் டை ஆக்சைடு, சுவர் பெயிண்டில் இருக்கும் வெள்ளை. அடர்சிவப்பை ரோஜா நிறமாக்குவது இதன் வேலை. 77019 மைக்கா, அதாவது அபிரகம், மினுமினுப்பு இதிலிருந்து. ஜார்க்கண்டின் மைக்கா குழிகளில் குழந்தைகள் வேலை செய்வது பலமுறை வெளியே வந்த செய்தி. மினுங்கும் லிப்ஸ்டிக்கை வாங்கும்போது எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.

15850 என்ற எண் சிவப்பு லிப்ஸ்டிக்குகளில் அடிக்கடி கண்ணில் படும். இது ‘லேக்’ வகை. கரையும் சாயத்தைக் கால்சியம், பேரியம் போன்ற உலோகத்தோடு பிணைத்து, கரையாத தூளாக்கிவிட்டால் அதற்கு லேக் என்று பெயர். ஏரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அரக்கைக் குறிக்கும் ‘லாக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சாயம் கரையாததால் சிவப்பு உதட்டின் ஓரக் கோடுகளில் சுலபமாகப் பரவாது.

75470 என்றால் கார்மைன். சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்பு, இன்று அதிகம் வருவது பெரு நாட்டிலிருந்து. சைவம் பார்ப்பவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸில் இருந்த மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இந்தப் பூச்சிக்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ மட்டமான சாயம் தரும் இனம். திட்டம் தேறவில்லை.

இன்னும் இரண்டு எண்கள்: 45380, 45410. இயோசின் குடும்பம். 1950-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹேசல் பிஷப் முத்தமிட்டாலும் ஒட்டாத லிப்ஸ்டிக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்த வகைச் சாயத்தை நம்பித்தான். இது மேலே படிவதோடு நிற்காமல் தோலின் புரதத்தையே கறையாக்கும். இதே குடும்பம்தான் இன்று ‘உங்கள் உதட்டுக்கேற்ப நிறம் மாறும்’ லிப் பாமில் இருக்கிறது. குச்சிக்குள் அமில வடிவத்தில் நிறமற்று இருக்கும் சாயம், உதட்டின் ஈரத்தையும் அமிலத்தன்மை மாற்றத்தையும் சந்தித்ததும் ரோஜா நிறமாகிறது. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தவுடன் சிவப்பது போலத்தான். உங்கள் மனநிலையை அது படிக்கிறது என்று விளம்பரம் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஈயம் இருக்கிறதாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஈயத்தை யாரும் சேர்ப்பதில்லை. நிறமிகளோடு மாசாக வந்துவிடுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 400 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்தபோது சராசரி 1.11 பிபிஎம், அதிகபட்சம் 7.19 பிபிஎம். (பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு பிபிஎம்.) அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் எடுத்துக்கொண்ட அளவுப்படி ஒருவர் நாளுக்குப் பூசுவது சராசரியாக 24 மில்லிகிராம், அள்ளிப் பூசுபவர் என்றால் 87. மிக மோசமான லிப்ஸ்டிக்கை 87 மில்லிகிராம் பூசி அத்தனையையும் விழுங்கினாலும் ஈயம் 0.63 மைக்ரோகிராம். பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கு உணவு வழியாக நாளுக்கு 8.8 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று அதே நிர்வாகம் கணக்கிடுகிறது. ஈயத்தில் நல்ல ஈயம் கிடையாதுதான், ஆனால் இது தூக்கம் கெடும் அளவல்ல. என் பயமெல்லாம் பட்டியலே அச்சிடாமல் கூறுகட்டி விற்கும் சரக்கின்மேல். இந்தியாவில் அழகுசாதன நிறங்களில் ஈயம் 20 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. பெயரில்லாத பொருளை யார் சோதிப்பது?

வியர்த்த லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு நிழலில் ஆறவைத்தேன், இன்றும் பூசுகிறேன். குப்பி வகை கல்யாண வீடுகளுக்கு. காபிக்கும் ரசத்துக்கும் அது அசையாது, நீர் அதைத் தொடாது. பிரியாணி வந்தால் மட்டும் நான்காவது கவளத்தில் உதட்டின் நடுப்பகுதி திட்டுத்திட்டாக உதிரத் தொடங்கும். சிலிக்கோன் படலத்தை நெய் இளக்கிவிடுகிறது. மிச்சத்தை இரவில் எடுக்க, பஞ்சில் நாலு சொட்டு விளக்கெண்ணெய்.