ஒப்பாரியில யாருக்காக அழறாங்க?

எழவு வீட்டுல வட்டமா உக்காந்து ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சுகிட்டு ஒப்பாரி வைக்கிற பொம்பளைங்களப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு உண்டு, செத்தவங்கள சாக்கா வச்சு அவங்கவங்க கதைய அழறாங்கன்னு. கிண்டலாத்தான் சொல்வாங்க, ஆனா ஒப்பாரி வேலை செய்யிற விதமே அதுதான்.

சாதாரண நாள்ல ஒரு பொண்ணு பங்கு குடுக்காத அண்ணனப் பத்தி நாலு பேரு முன்னாடி வாய் தொறந்தா அது சண்டை. அதையே அப்பா பொணத்துக்கு முன்னாடி உக்காந்து, நீ இருந்தவரைக்கும் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருந்துச்சே இனி யாரு வான்னு கூப்பிடுவாங்கிற மாதிரி ராகம் போட்டு இழுத்தா அது துக்கம். அண்ணன் பேரு வராது, அண்ணி பேரும் வராது, ஆனா ஓரமா நிக்கிற அண்ணிக்கு சுருக்குன்னு படும், பதில் பேசவும் முடியாது, ஏன்னா இவ பேசறது செத்துப்போன அப்பாகிட்ட. பேரச் சொல்லாம சொல்றது நமக்குப் பழைய பழக்கம்தான், அகப்பாட்டுல ஆளோட பேரச் சுட்டிச் சொல்லக்கூடாதுன்னு தொல்காப்பியமே விதி வச்சிருக்கு.

வார்த்தைய விடுங்க, குரலே பாதி வேலையப் பாத்துடுது. கிரெக் அர்பன்னு ஒரு மானுடவியலாளர் பிரேசில் பழங்குடிகளோட சடங்கு அழுகைய ஆராய்ஞ்சு 1988ல எழுதினார், குரல் உடையிறது, சத்தமா மூச்ச உள்ள இழுக்கிறது, கரகரப்பு, திடீர்னு கீச்சுக்குரலுக்குப் போறதுன்னு நிஜ அழுகையோட அடையாளங்கள் அந்தப் பாட்டுக்குள்ளயே இருக்குன்னு. நம்ம ஒப்பாரியிலயும் அடி முடியிற எடத்துல அந்த விசும்பல் வரும், பாஷை தெரியாதவனுக்குக் கூட அது அழுகைன்னு புரியும்.

சரி, பாடினா பாரம் குறையுமா? 2007ல கலிஃபோர்னியாவுல மேத்யூ லீபர்மன்ங்கிற உளவியலாளரோட குழு மூளைய படம் புடிக்கிற ஸ்கேனருக்குள்ள ஆளுங்களப் படுக்க வச்சு கோவமான, பயந்த முகங்களக் காட்டினாங்க. அந்த முகத்துல இருக்கிற உணர்ச்சிக்கு ஏத்த வார்த்தையத் தேர்ந்தெடுக்கும்போது மூளையில பயம் மாதிரி உணர்ச்சிகளக் கவனிக்கிற அமிக்டலாங்கிற பகுதியோட துடிப்பு குறைஞ்சுது, முன்மூளையில வலது பக்கம் ஒரு பகுதி சுறுசுறுப்பாச்சு. முகத்துக்கு ஒரு ஆள் பேரத் தேர்ந்தெடுத்தப்ப அந்த மாதிரி குறையல. ஒப்பாரிக்கு இத அப்படியே பொருத்திட முடியாது, இது ஸ்கேனர், அது தெருவே பாக்க நடக்கிற விஷயம், இருந்தாலும் உணர்ச்சிக்கு ஒரு சொல் கெடைக்கிறதே அத லேசா அடக்குதுங்கிறது பெரிய சங்கதி.

எழுத்துல ஒளிஞ்சிருக்கிற வலி இன்னும் விசித்திரம். 2001ல ஸ்டிர்மன், பென்னிபேக்கர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் தற்கொலை செஞ்சுகிட்ட 9 கவிஞர்கள், அப்படி சாகாத 9 கவிஞர்கள், இவங்களோட சுமார் 300 கவிதைகள கம்ப்யூட்டர்ல போட்டு சொற்கள எண்ணிப் பாத்தாங்க. முதல் குரூப்ல நான், என், எனக்கு மாதிரி சொற்கள் ஜாஸ்தி, நாம் நம்ம வகை கம்மி. யாரும் நின்னு கவனிக்காத பொடிச் சொற்கள்தான் ஆள் கூட்டத்துலேர்ந்து விலகிப் போறதக் காட்டிக் குடுத்திருக்கு. இது மொத்தமா கூட்டிப் பாத்த கணக்கு, ஃப்ரெண்டு எழுதின ஒரு கவிதையில நான் நானா இருக்கேன்னு பயந்துடாதீங்க.

ஒப்பாரியிலயும் நான் உண்டு, ஆனா தனியா இல்ல. ஒருத்தி எடுத்துக் குடுப்பா, பக்கத்துல இருக்கவ அவ துக்கத்தையும் சேத்து இழுப்பா. இப்பல்லாம் மைக் செட் வச்சு காசுக்குப் பாடுற குழு வந்துடுது, குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா அண்ணிக்குச் சுருக்குன்னு படுற அந்த வரிய அவங்களால பாட முடியாது.