பேட்டரியே இல்லாத ரிமோட்

1950-இல் அமெரிக்காவில் நூறு வீடுகளில் ஒன்பதில்தான் டிவி இருந்தது. பத்தே ஆண்டில் அது 87 வீடுகள் ஆனது. கூடத்தில் ஒரே ஒரு பெட்டி; சேனல் மாற்ற யாராவது எழுந்துபோய்க் குமிழைத் திருக வேண்டும். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான். நடந்து போகும் ரிமோட்!

இந்த வேலையிலிருந்து பிள்ளைகளை விடுவிக்க சிகாகோவின் ஜெனித் நிறுவனம் படாத பாடு பட்டது. 1950-இல் வந்த ‘லேஸி போன்ஸ்’ ஒயர் வைத்த ரிமோட். கூடத்தின் குறுக்கே ஓடிய அந்த ஒயர் காலைத் தடுக்கியது. 1955-இல் யூஜின் போலி என்ற பொறியாளர் ‘ஃப்ளாஷ்-மேட்டிக்’ கொண்டுவந்தார். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளி உணரிகள்; டார்ச் போன்ற கருவியால் எந்த மூலையில் ஒளி அடிக்கிறோமோ அதற்கேற்ற வேலை நடக்கும். ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலும் நடக்கும் என்பதுதான் சிக்கல்.

அப்புறம் ராபர்ட் ஆட்லர் என்ற இயற்பியலாளரின் கைக்கு வந்தது விஷயம். ரேடியோ அலை சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு டிவியையும் மாற்றிவிடும். விற்பனைப் பிரிவினர் வேறு பேட்டரியே கூடாது என்றார்கள்: பேட்டரி தீர்ந்தால், டிவியே கெட்டுப்போனதாக ஜனங்கள் நினைப்பார்களாம். மிஞ்சியது ஒலி. அதுவும் நம் காதுக்கு எட்டாத ஒலி.

1956-இல் வந்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ ரிமோட்டைத் திறந்தால் உள்ளே நான்கு அலுமினியத் தண்டுகள் இருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் சுமார் 6.5 செ.மீ. பொத்தானை அழுத்தினால் சுருள்வில் பொருத்திய குட்டிச் சுத்தியல் ஒன்று தண்டின் முனையில் ‘டக்’கென்று அடிக்கும். பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டினோமே, கிட்டத்தட்ட அதே கதை.

ஒரு சின்னக் கணக்கு. அலுமினியத்துக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப 13 செ.மீ. ஆக, ஒரு நொடியில் 38,000 தடவைக்கு மேல் போய்வரும். அதுதான் தண்டின் அதிர்வெண். நம் காதோ 20,000-ஐத் தாண்டினால் கைவிரித்துவிடும். தண்டின் நீளம் கொஞ்சம் குறைந்தால் அதிர்வெண் ஏறும். நான்கு தண்டுகளும் நான்கு நீளம். ஆகவே நான்கு கட்டளைகள்: டிவியை இயக்க, சத்தத்தை அடக்க, சேனலை முன்னே தள்ள, பின்னே தள்ள.

ரிமோட்டில் மிச்சம் பிடித்த சிக்கலையெல்லாம் டிவி சுமந்தது. மைக் ஒலியைப் பிடித்ததும், எந்த அதிர்வெண் என்று சுற்றுகள் பிரித்தறிய வேண்டும்; அதன் பிறகு மோட்டார் சேனல் குமிழைத் திருப்பும். இதற்கென்றே கூடுதலாக ஆறு வெற்றிடக் குழாய்கள் (டிரான்சிஸ்டருக்கு முன் அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்கள்) தேவைப்பட்டன. டிவி விலை கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறியது. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் விலை படியிறங்கியது.

கோளாறு இல்லாமல் இல்லை. சாவிக்கொத்தைக் குலுக்கினாலோ சில்லறை சிதறினாலோ அந்த உலோக ஓசையிலும் இதே அதிர்வெண்கள் கலந்திருக்கும். சேனல் தானாக மாறும். மனிதர் காதுக்கு எட்டாத அந்த ஒலி வீட்டு நாய்க்குக் கேட்கும்.

ஜெனித்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு விளம்பரம் என்றாலே ஆகாது. கட்டணம் கட்டிப் படம் பார்க்கும் முறையை 1951-லேயே சிகாகோவில் 300 வீடுகளில் சோதித்துப் பார்த்தவர் அவர். சத்தத்தை அடக்கும் பொத்தான் அவருடைய கட்சிக்காரன் என்றே சொல்லலாம். விளம்பரம் சாகவில்லை. ஆனால் சோபாவை விட்டு எழாமலேயே அதன் வாயை அடைக்க முடிந்தது. என்ன பார்ப்பது என்ற தகராறும் குமிழருகிலிருந்து சோபாவுக்கு இடம் மாறியது. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதுதான் சட்டம்.

1980-களில் அகச்சிவப்பு ரிமோட் வந்து தண்டுகளை ஓரங்கட்டியது. அதற்குப் பேட்டரி தேவைப்பட்டது. அமெரிக்கர்கள் பலர் இன்னும் ரிமோட்டை ‘க்ளிக்கர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் சுத்தியல் போட்ட சத்தம்.